குட்டி ராஜா: ரெகுலஸ் என்ற பெயரின் கதை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாத இரவில் எங்கள் கல்லூரியின் மொட்டைமாடியில் மாணவர்களுக்கு வானத்தைக் காட்டிக் கொண்டிருந்தேன். மணி எட்டு இருக்கும். கிழக்கு வானில், தொடுவானத்துக்கும் உச்சிக்கும் நடுவே, கதிர் அறுக்கும் அரிவாளைப் போன்ற ஒரு விண்மீன் கூட்டம். அரிவாளின் வளைந்த பகுதி இடப்பக்கம், அதாவது வடக்கே நீண்டிருக்கும். வலப்பக்கம், பிடியின் நுனியில், நீலம் கலந்த வெண்மையுடன் ஒரு மீன் பளிச்சென்று தெரியும். "இதுதான் நம் பஞ்சாங்கங்கள் சொல்லும் மகம். மேல்நாட்டார் இதை ரெகுலஸ் என்பார்கள். கார்த்தேஜ் நகரத்தாரிடம் சிக்கிச் சித்திரவதைப்பட்டு இறந்த ரோமானியத் தளபதி ஒருவரின் நினைவாக இந்தப் பெயர் வந்தது" என்று சொன்னேன்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி வந்து நின்றார். "சார், அந்தத் தளபதி காலத்து ரோமானியர்களே இந்த நட்சத்திரத்தை ரெகுலஸ் என்றா கூப்பிட்டார்கள்?" எனக்குப் பதில் தெரியவில்லை. நான் சொன்னது எங்கோ படித்தது. எங்கே என்றுகூட நினைவில்லை. ஆனால் அதை ஐந்தாறு ஆண்டுகளாக ஒவ்வொரு வகுப்புக்கும் சொல்லி வந்திருந்தேன். அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு பையனின் பெயர்

ரெகுலஸ் ஓர் இலத்தீன் சொல். இலத்தீனில் 'ரெக்ஸ்' என்றால் அரசன். 'உலுஸ்' என்பது சிறுமையை அல்லது செல்லத்தைக் காட்டும் விகுதி. ஆகவே ரெகுலஸ் என்றால் சிறிய அரசன். நம் வழக்கில் சொன்னால் 'குட்டி ராஜா'. இந்த ஒப்புமை வெறும் உவமை அல்ல. இலத்தீன் 'ரெக்ஸ்', வடமொழி 'ராஜன்' இரண்டும் ஒரே பழைய மூலத்திலிருந்து கிளைத்த சொற்கள் என்பது மொழி நூலார் முடிவு. "என் ராசா, ஒரு வாய் சாப்பிடு" என்று குழந்தையைக் கெஞ்சும் நம் பாட்டிமார்கள், தாம் அறியாமலே ரோமானியப் பெயரின் ஒன்றுவிட்ட உறவுச் சொல்லைத்தான் வாயில் வைத்திருக்கிறார்கள்.

ரோமானியப் பெரிய குடும்பத்து ஆண்களுக்கு வழக்கமாக மூன்று பெயர்கள் உண்டு. முதலாவது வீட்டில் கூப்பிடும் பெயர்: மார்க்குஸ், காயுஸ், லூசியுஸ் போன்றவை. இரண்டாவது குலப்பெயர். மூன்றாவது, குலத்துக்குள் ஒரு கிளையைக் குறிக்கும் அடைபெயர். இந்த மூன்றாவது பெயர்களில் பல, யாரோ ஒரு மூதாதையருக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர்களே. பேச்சாளர் சிசரோவின் பெயருக்குக் கொண்டைக்கடலை தொடர்பு உண்டு. கவிஞர் ஓவிட்டின் அடைபெயரான 'நாசோ' மூக்கைக் குறிப்பது. 'கிராசுஸ்' என்றால் தடியன். 'ஸ்டிராபோ' என்றால் ஒன்றரைக் கண்ணன்! இவற்றை நம் ஊர்ப் பட்டப்பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை வாசகர்களிடமே விட்டுவிடுகிறேன். இந்தக் கூட்டத்தில் 'குட்டி ராஜா' மரியாதையான பெயர்தான்.

ஆனாலும் அதில் ஒரு விந்தை இருக்கிறது. ரோமானியர் தம் கடைசி அரசனைத் துரத்திவிட்டுக் குடியரசு அமைத்தது கி.மு. 509 என்பது மரபு. அதன்பின் 'ரெக்ஸ்' என்பது அரசியலில் வசைச்சொல்லாகவே ஆயிற்று. அப்படியிருந்தும் மார்சியுஸ் குலத்தில் ஒரு கிளை 'ரெக்ஸ்' என்றே பெயர் வைத்துக்கொண்டது. அத்திலியுஸ் குலத்தின் ஒரு கிளைக்குப் பெயர் 'ரெகுலஸ்'.

பெயர்ச்சொல்லாக அல்லாமல் பொதுச்சொல்லாகவும் இது வழங்கியது. ஆப்பிரிக்காவிலும் ஸ்பெயினிலும் இருந்த சிறு தலைவர்களை ரோமானிய வரலாற்று ஆசிரியர் லிவி இந்தச் சொல்லால்தான் குறிக்கிறார். நம் வரலாற்றுப் பாடத்தில் வரும் 'குறுநில மன்னர்' என்ற சொல் இதற்குச் சரியாகப் பொருந்தும்.

கார்த்தேஜ் சென்ற ரெகுலஸ்

இந்தப் பெயரை உலகறியச் செய்தவர் மார்க்குஸ் அத்திலியுஸ் ரெகுலஸ். கி.மு. 267-இலும் 256-இலும் ரோமின் தலைமைப் பதவியான கான்சல் பதவியை வகித்தவர். ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் முதல் பியூனிக் போர் கி.மு. 264 முதல் 241 வரை நடந்தது. கார்த்தேஜ் என்பது இன்றைய துனீசியாவில் இருந்த கடல் வணிக நகரம். 256-இல் சிசிலித் தீவின் தென்கரையில், எக்னோமுஸ் என்ற இடத்தருகே இரு நாட்டுக் கடற்படைகளும் மோதின. கிரேக்க வரலாற்று ஆசிரியர் பொலிபியஸ் தரும் கணக்குப்படி இரு தரப்பிலும் சேர்ந்து அறுநூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள்! வென்ற ரோமானியர் ஆப்பிரிக்கக் கரையில் இறங்கினர். ரெகுலஸ் கார்த்தேஜின் வாசல் வரை போனார். பணிந்து வந்தவர்களிடம் அவர் விதித்த நிபந்தனைகள் மிகக் கடுமையாக இருந்ததால் அவர்கள் மீண்டும் போரிடத் துணிந்தனர். ஸ்பார்ட்டாவைச் சேர்ந்த கூலிப்படைத் தலைவர் சாந்திப்பஸ் என்பவர் கார்த்தேஜின் படையைத் திருத்தி அமைத்து, கி.மு. 255-இல் ரோமானியரை முறியடித்தார். ரெகுலஸ் சுமார் ஐந்நூறு பேருடன் சிறைப்பட்டார்.

இதுவரை வரலாறு. இனிமேல் வருவதுதான் பள்ளிப் புத்தகங்களில் புகழ்பெற்ற பகுதி. சில ஆண்டுகள் கழித்துக் கார்த்தேஜ் அவரைத் தூதராக ரோமுக்கு அனுப்பியதாம். சமாதானம் அல்லது கைதிகள் பரிமாற்றம் பேச வேண்டும். காரியம் ஆகாவிட்டால் திரும்பி வந்து சிறை புக வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்களாம். ரெகுலஸோ செனட் சபையில் எழுந்து, எதிரியின் வேண்டுகோளை ஏற்காதீர்கள் என்று பேசினாராம். பிறகு மனைவி மக்கள் தடுத்தும் கேளாமல், கொடுத்த வாக்குக்காகக் கார்த்தேஜுக்கே திரும்பினாராம். அங்கே கண்ணிமைகளை அறுத்து வெயிலில் நிறுத்தினார்கள் என்பது ஒரு கதை. ஆணி அடித்த பெட்டியில் அடைத்தார்கள் என்பது இன்னொன்று. சிசரோ கி.மு. 44-இல் எழுதிய 'கடமைகள்' என்ற நூலில் வாய்மைக்கு இவரையே எடுத்துக்காட்டாக வைத்தார். கவிஞர் ஹோரஸ் பாடினார். ஆங்கில ஓவியர் டர்னர் 1828-இல் 'ரெகுலஸ்' என்ற பெயரில் ஓர் ஓவியம் வரைந்து, 1837-இல் அதன்மேல் மீண்டும் தூரிகை ஓட்டினார். இமையில்லாக் கண்ணில் சூரியன் எப்படிப் படும் என்பதை வண்ணத்தில் காட்ட முயன்ற ஓவியம் அது என்று பலரும் கருதுகிறார்கள். ஒளியியல் பாடம் எடுக்கும் எவரும் அதை ஒருமுறை பார்க்கலாம். படம் முழுவதும் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளொளி.

சிக்கல் என்னவென்றால், போரை நமக்கு விரிவாகச் சொல்லும் பொலிபியஸ் இந்தத் தூதைப் பற்றியும் சாவைப் பற்றியும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ரெகுலஸ் தோற்றதை எடுத்துக்காட்டி வாசகர்களுக்குப் புத்தி சொல்கிற ஆசிரியர், இவ்வளவு பெரிய நிகழ்ச்சியை விட்டிருப்பாரா? மேலும், டையோடோரஸ் என்ற மற்றோர் ஆசிரியர் வேறொரு செய்தி தருகிறார். கணவர் கவனிப்பாரற்று இறந்தார் என்று எண்ணிய ரெகுலஸின் மனைவி, ரோமில் தம் வசம் இருந்த கார்த்தேஜ் கைதிகள் இருவரைக் கொடுமைப்படுத்தியதாக அவர் எழுதுகிறார். அந்தக் கொடுமைக்கு நியாயம் கற்பிக்கப் பிறந்ததே சித்திரவதைக் கதை என்பது வரலாற்று அறிஞர் பலரின் கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

எல்லா ரெகுலஸ்களும் வாய்மை வீரர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டில் மார்க்குஸ் அக்குலியுஸ் ரெகுலஸ் என்று ஒரு வழக்குரைஞர் இருந்தார். பிறரைக் காட்டிக்கொடுத்தும், சாகக் கிடப்பவர்களின் உயில்களில் தம் பெயரைச் சேர்க்கவைத்தும் பணம் சேர்த்தவர் என்று இளைய பிளினியின் கடிதங்கள் அவரைத் தோலுரிக்கின்றன.

வானத்துக்குப் போன பெயர் எது?

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். மூத்த பிளினி (மேலே சொன்னவரின் மாமன்) கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய இயற்கை வரலாற்றில், சிம்மத்தின் மார்பில் உள்ள மீனை 'ரெஜியா' என்கிறார். 'அரசுக்குரியது' என்பது பொருள். தளபதி இறந்து முந்நூறு ஆண்டுகளாகியும் அது ரெகுலஸ் ஆகவில்லை!

அரச வாசனை மட்டும் மிகப் பழையது. பாபிலோனிய வான நூலார் அந்த மீனை 'அரசன்' என்றே எழுதினார்கள். கி.மு. முதல் நூற்றாண்டினரான ஜெமினஸ் என்ற கிரேக்கர், சிம்மத்தின் இதயத்தில் உள்ள மீனைச் சிலர் 'பாசிலிஸ்கோஸ்' என்பதாகவும், அதையொட்டிப் பிறந்தவர்களுக்கு அரச யோகம் உண்டு என்ற எண்ணமே காரணம் என்றும் குறிக்கிறார். 'மகம் ஜகத்தை ஆளும்' என்ற நம் ஊர்ப் பழமொழி இங்கே நினைவுக்கு வராமல் போகாது. பிறந்த நட்சத்திரத்துக்கும் அரியணைக்கும் தொடர்பு இருப்பதாக இயற்பியல் சொல்லாது. ஆனால் ஒரே மீனைப் பார்த்து இரண்டு நாட்டார் ஒரே நம்பிக்கையைக் கொண்டிருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

'பாசிலியுஸ்' என்றால் கிரேக்கத்தில் அரசன். 'இஸ்கோஸ்' என்பது சிறுமை விகுதி. அப்படியானால் பாசிலிஸ்கோஸ் என்பதும் குட்டி ராஜாதான்! கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி தம் பெருநூலில் இதே பெயரைப் பதிந்தார். அராபியர் இதைச் 'சிங்கத்தின் இதயம்' என்ற பொருளில் வழங்கினர். ஐரோப்பிய இடைக்காலத்தில் அதன் இலத்தீன் மொழிபெயர்ப்பே பெருவழக்கு. கோப்பர்னிக்கஸ் 1543-இல் வெளியிட்ட நூலின் விண்மீன் பட்டியலில் பாசிலிஸ்கஸ், ரெகுலஸ் என்ற இரு பெயர்களையும் சேர்த்தே கொடுத்தார். நிலைத்தது இரண்டாவது. 2016-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் முறைப்படி ஏற்றுப் பட்டியலிட்ட விண்மீன் பெயர்களில் அதுவும் ஒன்று.

எனவே விண்மீனின் பெயர் கிரேக்கச் சொல்லின் நேர் மொழிபெயர்ப்பு. தளபதியின் பெயரோ ஒரு குடும்பப் பட்டம். இரண்டும் ஒரே அகராதிச் சொல் என்பதைத் தவிர இவற்றுக்கு உறவில்லை. அடுத்த வாரமே வகுப்பில் இதைச் சொல்லித் திருத்திக்கொண்டேன். முந்தைய ஆண்டுகளில் படித்துப் போனவர்களுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் இன்றுவரை உறுத்தல். இன்று ஆங்கிலக் கதைகள் படிக்கும் இளைஞர்களுக்கு ஹாரி பாட்டர் வரிசையில் வரும் ரெகுலஸ் பிளாக் தெரிந்திருக்கும். அந்தக் கதைக் குடும்பத்தில் பிள்ளைகளுக்கு விண்மீன் பெயர்களை வைப்பது வழக்கம். ஆக, பையனின் பெயர் வானத்துக்குப் போகவில்லை; வானத்துப் பெயர் பையனிடம் வந்தது.

மூசையில் ஒரு விண்மீன்

வானத்தை விட்டு ஒரு நிமிடம் ஆய்வுக்கூடத்துக்கு வாருங்கள். அந்தக் கால இரசவாதிகள், தாதுவை உருக்கும்போது மூசையின் அடியில் திரளும் உலோகக் கட்டியை ரெகுலஸ் என்றார்கள். குறிப்பாக ஆன்ட்டிமனி உலோகத்துக்கு இந்தப் பெயர் வழங்கியது. உலோகங்களின் அரசனாகிய தங்கத்தோடு அது எளிதில் கலந்துவிடும். அதனால் 'குட்டி ராஜா'. அஞ்சனக்கல் என்பது ஆன்ட்டிமனியும் கந்தகமும் சேர்ந்த தாது. அதை இரும்போடு சேர்த்துக் காய்ச்சினால் இரும்பு கந்தகத்தைப் பற்றிக்கொள்ள, ஆன்ட்டிமனி பிரிந்து அடியில் தங்கும். மெதுவாக ஆறவிட்டால் அதன் மேற்பரப்பில் படிகங்கள் நடுவிலிருந்து கதிர்களாக விரிந்து விண்மீன் போலத் தோன்றும். ஈர்ப்பு விதி தந்த நியூட்டன், இந்த 'விண்மீன் ரெகுலஸ்' செய்வதில் கேம்பிரிட்ஜில் அடுப்பு முன் பல நாட்களைக் கழித்தவர் என்பது அவருடைய கையெழுத்துக் குறிப்புகளால் தெரிகிறது.

பறவை நூலார் இமயப் பகுதியிலும் வாழும் ஒரு சிறு குருவிக்கு ரெகுலஸ் ரெகுலஸ் என்று இருமுறை முடி சூட்டியிருக்கிறார்கள். எடை ஐந்தாறு கிராம். தலையில் பொன்னிறப் பட்டை. பெயருக்கு அதுவே காரணம்.

ராஜபாட்டையில் ஒரு மைல்கல்

மகத்துக்கு நிகண்டுகளில் 'கொடுநுகம்' என்றொரு பெயர் உண்டு. வளைந்த நுகத்தடி என்று பொருள். நான் மேலே அரிவாள் என்று சொன்ன அதே வளைவைப் பார்த்தே அப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்த மீனுக்கு வான நூலில் தனி மதிப்பு உண்டு. சூரியன் ஆண்டு முழுவதும் விண்மீன்களிடையே நகர்வதாகத் தோன்றும் பாதையிலிருந்து இது அரைப் பாகைக்கும் குறைவான தொலைவிலேயே இருக்கிறது. முதல்தர ஒளியுள்ள வேறெந்த மீனும் அந்தப் பாதைக்கு இவ்வளவு அருகில் இல்லை. ஆகஸ்ட் 22, 23 வாக்கில் சூரியன் இதைக் கடக்கும். அதற்கு ஆறு மாதம் கழித்து, மாசியில், சூரியன் நேர் எதிர்ப்புறம் இருக்கும். அப்போது முழுநிலவு மகத்தின் அருகே வந்துதானே ஆக வேண்டும்? மாசி மகத்தின் வானியல் அடிப்படை இவ்வளவுதான். அதே காலத்தில் வியாழனும் சிம்மத்தில் இருந்தால் கும்பகோணத்தில் மகாமகம். வியாழன் சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆவதால் அது 12 ஆண்டுக்கு ஒருமுறை. கடைசியாக 2016-இல் நடந்தது.

கி.பி. 139-இல் தாலமி இந்த மீனின் இடத்தை அளந்தார். ஹிப்பார்க்கஸ் 265 ஆண்டுகளுக்கு முன் அளந்த இடத்திலிருந்து அது 2 பாகை 40 கலை நகர்ந்திருக்கக் கண்டு, நூறாண்டுக்கு ஒரு பாகை என்று கணக்கிட்டார். உண்மையில் நகர்வது மீன் அல்ல. பம்பரம் தலையாட்டுவது போலப் பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் அளவீட்டின் தொடக்கப் புள்ளி நகர்கிறது. சரியான அளவு சுமார் 72 ஆண்டுக்கு ஒரு பாகை. தாலமியின் கணக்கு பிழைதான். ஆனால் ஒரு மனித வாழ்நாளில் கண்ணுக்குத் தெரியாத அசைவை அவர் நம்பியதற்கு, நிலையான ஒரு மைல்கல் வானில் இருந்ததே காரணம்.

ராஜாவின் உருவம்

ரெகுலஸ் நம்மிடமிருந்து 79 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. சூரியனைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் பொருண்மை உடையது. சூரியன் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 25 நாட்களுக்கு மேல் ஆகும். அதைவிடப் பெரிய ரெகுலஸோ 16 மணி நேரத்தில் சுற்றிவிடுகிறது! நடுக்கோட்டில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 317 கிலோமீட்டர். அவ்வளவு வேகத்தில் சுழலும் வாயு உருண்டை உருண்டையாக இருக்குமா? 2005-இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் மலையில் உள்ள 'சாரா' தொலைநோக்கித் தொகுதியால் இதற்கு விடை கிடைத்தது. தள்ளித் தள்ளி வைத்த ஆறு தொலைநோக்கிகளில் விழும் ஒளியை ஒன்றுசேர்த்துக் குறுக்கீட்டுப் பட்டைகளை உண்டாக்கி, அவற்றிலிருந்து விண்மீனின் வடிவை அறியும் ஏற்பாடு அது. யங்கின் இரட்டைப் பிளவுச் சோதனையைப் படித்த மாணவர்களுக்கு அடிப்படை புரியும். அளக்க வேண்டிய கோணம் எவ்வளவு தெரியுமா? இரண்டரை சென்டிமீட்டர் அகல நாணயத்தை 3,400 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துப் பார்ப்பது போல. இந்தியாவின் வடகோடிக்கும் தென்கோடிக்கும் இடையே உள்ள தூரமே அதைவிடக் குறைவு.

ரெகுலஸின் நடுக்கோட்டு ஆரம் சூரியனைப் போல் 4.16 மடங்கு; துருவ ஆரம் 3.14 மடங்கு. நன்றாக அமுக்கிய பூசணிக்காய் வடிவம். துருவம் மையத்துக்கு அருகில் இருப்பதால் அங்கே ஈர்ப்பு மிகுதி. ஈர்ப்பு மிகுந்த இடம் வெப்பமும் ஒளியும் மிகுந்திருக்கும் என்று 1924-இலேயே வான் சீப்பல் என்பவர் கணித்திருந்தார். அளவீடும் அப்படியே காட்டியது: துருவத்தில் ஏறத்தாழ 15,000 கெல்வின், நடுக்கோட்டில் 10,000 கெல்வின் அளவு. இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுழன்றால் நடுக்கோட்டு வாயு பிய்த்துக்கொண்டு போய்விடும்.

இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது? 2008-இல் ஒரு துப்பு கிடைத்தது. ரெகுலஸின் நிறமாலைக் கோடுகள் 40 நாட்களுக்கு ஒருமுறை சிவப்புப் பக்கமும் நீலப் பக்கமும் சிறிதளவு அசைந்தன. டாப்ளர் விளைவின்படி, கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை அதை அசைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தத் துணை ஒரு வெண்குள்ளன். சூரியப் பொருண்மையில் பத்தில் மூன்று பங்கே உடையது. 2020-இல் அதன் சொந்த நிறமாலைக் கோடுகளையும் பிரித்தறிந்தார்கள். வெண்குள்ளன் என்பது எரிந்து தீர்ந்த விண்மீனின் உட்கரு. இரண்டில் முதலில் எரிந்து தீர்ந்தது எதுவோ அதுவே பிறப்பில் பெரியது. அது முதுமையில் ஊதிப் பெருத்தபோது வெளிப்புற வாயு முழுவதும் சின்ன மீனின்மேல் வழிந்து, பொருளையும் சுழற்சியையும் சேர்த்தே கொடுத்தது. இப்போது நாம் காணும் பேரொளி மீன் தொடக்கத்தில் உண்மையிலேயே இருவரில் சிறியவர். பெயர் வைத்த கிரேக்கருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை, தற்செயல்தான்.

கேள்வி கேட்ட மாணவி இப்போது வேறோர் ஊரில் பள்ளி ஆசிரியை. இந்த இதழ் வந்ததும் ஒரு படி அவருக்குப் போகும். 2044 அக்டோபர் 1 அன்று வெள்ளிக்கோள் ரெகுலஸை மறைக்கப் போகிறது. இதற்கு முன் அப்படி மறைத்தது 1959 ஜூலை 7. அன்று விண்மீன் சட்டென்று அணையாமல் சிறுகச் சிறுக மங்கியதை அளந்துதான் வெள்ளியின் மேல்வளியைப் பற்றி வானியலார் சில முடிவுகளுக்கு வந்தார்கள். 2044-இல் எனக்குப் பணி ஓய்வு ஆகியிருக்கும். அவருடைய மாணவர்கள் முப்பதுகளில் இருப்பார்கள்.